அத்தியாயம் 6: மாற்றினேன், மாறவில்லை

இந்த அத்தியாயத்தில் புதிதாக எதையும் கட்டப்போவதில்லை. டொமைன் வாங்கியாயிற்று, ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டியாயிற்று, வேர்ட்பிரஸும் ஏறிவிட்டது. முகவரியைத் தட்டினால் ஏதோ ஒரு பக்கம் வருகிறது. இனி எழுதுவதும் படம் போடுவதும்தானே பாக்கி என்று தோன்றும். சொந்தமாகத் தளம் கட்டக் கிளம்பியவர்கள் 'இது நமக்கு வராது' என்று மூடி வைப்பது, நான் பார்த்தவரை, இந்தக் கட்டத்தில்தான்.

வராததற்குக் காரணம் மூளையில்லாமை அல்ல. வேர்டில் ஒரு வரியைத் தட்டினால் வரி கண்முன் நிற்கிறது. எக்ஸெலில் ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை உடனே மாறுகிறது. செய்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவில் வேறு ஆள் இல்லை. இணையதளத்தில் நடுவில் ஒரு கூட்டமே இருக்கிறது. நீங்கள் தட்டிய தலைப்பு ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வருக்குப் போய், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிவாகிறது. யாராவது பக்கத்தைக் கேட்கும்போது பிஎச்பி நிரல் அதை எடுக்கிறது, தீம் அதற்கு வடிவம் கொடுக்கிறது, பிளகின்கள் தம் பங்குக்கு எதையாவது சேர்க்கின்றன, கேஷ் அதை நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. கடைசியில் பார்ப்பவரின் பிரௌசர் அதைத் தனக்குத் தெரிந்தபடி வரைகிறது. இதில் ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு, எழுதிய காலமும் வேறு. வேர்ட்பிரஸே 2003-இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர், பி2 என்ற பழைய மென்பொருளைக் கிளைபிரித்துத் தொடங்கியது. அதன்மேல் நீங்கள் ஏற்றும் தீமை எழுதியவர் ஒரு நாட்டில் இருப்பார், பிளகினை எழுதியவர் இன்னொரு நாட்டில். உங்கள் ஹோஸ்டிங் கம்பெனிக்கு இருவரையும் தெரியாது.

அதனால்தான் கோளாறு ஒரு இடத்தில் இருக்க, அது தெரிவது வேறொரு இடத்தில். ஹோஸ்டிங்காரரைக் கேட்டால் "தீம் பிரச்சினை சார்" என்பார். தீம்காரர் "ஏதோ பிளகின் மோதுகிறது" என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் ஃபேன் சுற்றவில்லை என்றால் நாம் முதலில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. தெருவில் கரண்ட் இருக்கிறதா, மெயின் விழுந்துவிட்டதா, ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து உள்ளே வருகிறோம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த வரிசையைத்தான் பழகப்போகிறோம்: எந்த அடுக்கில் கோளாறு என்று முதலில் கண்டுபிடிப்பது, பிறகு கைவைப்பது.

பாடத்தில் இருக்கிற மெனு என் திரையில் இல்லையே

மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே வரும் முதல் எரிச்சல் இது. யூடியூபில் ஒருவர் "அப்பியரன்ஸ் போங்க, கஸ்டமைஸ் கிளிக் பண்ணுங்க" என்று சரளமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். உங்கள் திரையில் கஸ்டமைஸ் என்பதே இல்லை. வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறீர்கள். அப்போதும் இல்லை.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் உண்டு. டாட் ஆர்க் முகவரியில் கிடைப்பது இலவச மென்பொருள். அதை உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில் ஏற்றிக்கொள்கிறீர்கள். டாட் காம் முகவரியில் இருப்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவை. அங்கே எந்த வசதி உண்டு, எது இல்லை என்பது நீங்கள் எடுத்த திட்டத்தைப் பொறுத்தது. இந்த நூல் பேசுவது முதல்வகையைப் பற்றி. பாடம் நடத்துபவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று முதல் நிமிடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேதி. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் எழுதும் திரையே மாறிவிட்டது. ஒரே வெள்ளைத்தாள்போல் இருந்த பழைய எடிட்டர் போய், பத்தி ஒரு பிளாக், படம் ஒரு பிளாக் என்று துண்டுதுண்டாக அடுக்கும் முறை வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் நீங்கள் பார்க்கும் திரை இப்போது கிளாசிக் எடிட்டர் என்ற பிளகினைப் போட்டால்தான் வரும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் சொல்லித்தருவதில்லை. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல் பிளாக் தீம் என்ற புதிய வகை நடைமுறைக்கு வந்தது. பிளாக் தீம் போட்டவர்களுக்குப் பழைய கஸ்டமைஸ் பெரும்பாலும் மறைந்துவிடும், அதற்குப் பதிலாக எடிட்டர் என்ற ஒன்று நிற்கும். ஒரே வேர்ட்பிரஸ், ஒரே பதிப்பு, ஆனால் தீமைப் பொறுத்து மெனு மாறும். வேர்ட்பிரஸோடு வரும் தீம்களில் ட்வென்டி ட்வென்டி-ஒன் வரை பழைய வகை, ட்வென்டி ட்வென்டி-டூ முதல் புதிய வகை. அப்பியரன்ஸ் மெனுவில் எடிட்டர் என்று இருந்தால் உங்களுடையது பிளாக் தீம். இதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதற்குரிய பாடங்களை மட்டும் தேடுங்கள். தேடும்போது தீமின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். பாதி மனஉளைச்சல் இங்கேயே குறையும்.

டெமோவைப் பார்த்து ஏமாறுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். தீம் விற்பவரின் டெமோவில் மலை, காபிக் கோப்பை, சிரிக்கிற முகங்கள். நீங்கள் ஏற்றியதும் வருவது வெறும் தலைப்பும் இரண்டு வரியும். தீம் என்பது வடிவம் மட்டும்தான். டெமோவில் இருந்த படங்களும் பக்கங்களும் உள்ளடக்கம், அவை தனியே இறக்குமதி செய்யப்பட்டவை. ஆகவே தீம் தேடும் முன், உங்கள் முகப்பில் வரவேண்டிய நான்கு வரியையும் ஒரு படத்தையும் தயார் செய்துவிடுங்கள். அதை வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிற தீம்தான் நல்ல தீம்.

மாற்றினேன், மாறவில்லை

இனி தலைப்புக்கு வருவோம். ஃபோன் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. திருத்தினீர்கள். அப்டேட் அழுத்தினீர்கள். தளத்தைத் திறந்தால் பழைய எண். மறுபடி திருத்தி, மறுபடி அழுத்தி, கோபத்தில் அந்தப் பக்கத்தையே அழித்துப் புதிதாக எழுதுபவர்களும் உண்டு. திருத்தம் முதல்முறையே சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நகலை.

பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக வழியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பிரௌசரிடம் ஒன்று. கேஷ் பிளகின் போட்டிருந்தால் அதனிடம் ஒன்று. ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரிலேயே ஒன்று இருக்கலாம். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையை முன்னால் வைத்திருந்தால் அங்கேயும் ஒன்று. எந்த நகல் பழையது என்று தெரியாமல் எதைத் திருத்தியும் பயனில்லை.

கண்டுபிடிக்கும் முறை எளிது. முதலில் இன்காக்னிட்டோ சாளரத்தில் அதே பக்கத்தைத் திறங்கள். அங்கே புதிய எண் வந்தால் பழசு உங்கள் பிரௌசரில்தான் இருக்கிறது. கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தினால் தீர்ந்தது. அங்கேயும் பழையதுதான் என்றால், கேஷ் பிளகினில் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள், பிறகு ஹோஸ்டிங் பேனலில் உள்ளதை, கடைசியாக கிளவுட்ஃபிளேரை. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்தாலும் வேலை முடியும். ஆனால் அடுத்தமுறை இதே தொல்லை வரும்போது எங்கே போவது என்று தெரியாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். பெரும்பாலான கேஷ் பிளகின்கள் உள்நுழைந்திருக்கும் அட்மினுக்கு நகலைக் காட்டாது, அசல் பக்கத்தையே காட்டும். உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரி, வாடிக்கையாளருக்குப் பழைய எண். ஆகையால் 'சரியாகிவிட்டது' என்று தீர்மானிப்பதை எப்போதும் உள்நுழையாத சாளரத்தில் செய்யுங்கள், முடிந்தால் வேறொரு ஃபோனில்.

கட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் கேஷ் பிளகின் எதற்கு? வேண்டாம். தளம் முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம். கிளவுட்ஃபிளேரில் டெவலப்மென்ட் மோடு என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் 3 மணி நேரத்துக்கு அதன் நகல்கள் ஒதுங்கி நிற்கும், பிறகு தானாகவே அணைந்துவிடும்.

டொமைனை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. உங்கள் டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் விவரத்தையும் உலகெங்கும் உள்ள சர்வர்கள் நகலெடுத்து வைத்திருக்கின்றன. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது, நொடிக் கணக்கில். 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். உங்கள் ஃபோனில் புதிய தளம், வேறு சிம் வைத்திருக்கும் மச்சானின் ஃபோனில் பழைய தளம் என்று ஓரிரு நாள் இருப்பது இயல்பு. இந்த இடைவெளியில் பொறுமையிழந்து நேம்சர்வரை மறுபடி மாற்றினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மாற்றப்போவதற்கு முந்தைய நாளே டிடிஎல்லை 300-க்கு இறக்கி வைப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

அடித்துக் கோடிடப்பட்ட வரி

கேஷ் இல்லை, இன்காக்னிட்டோவிலும் பார்த்தாயிற்று, அப்போதும் தலைப்பின் நிறம் மாறவில்லை என்றால் அது சிஎஸ்எஸ் விவகாரம்.

ஒரே பக்கத்துக்குப் பலர் ஆடை விதி எழுதலாம் என்பதுதான் சிஎஸ்எஸ்ஸின் அடிப்படைக் கருத்து. ஹோகான் வியூம் லீ 1994-இல் முன்வைத்த யோசனை அது, 1996 டிசம்பரில் முதல் தரநிலை ஆனது. பிரௌசர் தன் விதியைச் சொல்லும், தீம் ஒன்றைச் சொல்லும், பிளகின் ஒன்று, நீங்கள் ஒன்று. யார் சொல்வது நிற்கும் என்பதற்கு ஒரு முறை உண்டு. எல்லாத் தலைப்புகளுக்கும் என்று பொதுவாகச் சொன்ன விதியைவிட, இந்த வகுப்புப் பெயர் கொண்ட தலைப்புக்கு என்று குறிப்பாகச் சொன்ன விதி வெல்லும். இரண்டும் சம அளவில் குறிப்பானவை என்றால் பின்னால் வந்தது வெல்லும். நீங்கள் பொதுவாக எழுதியிருக்கிறீர்கள், தீம் குறிப்பாக எழுதியிருக்கிறது. அதனால்தான் உங்கள் சொல் எடுபடவில்லை.

இதைத் தெரிந்துகொள்ள சிஎஸ்எஸ் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. தலைப்பின்மீது வலது சொடுக்கு, இன்ஸ்பெக்ட். கணினியில் எஃப்12 அழுத்தினாலும் அதே பலகை திறக்கும். அங்கே அந்தத் தலைப்புக்கு விதி சொன்ன எல்லோரும் மேலிருந்து கீழாக வரிசையில் நிற்பார்கள். தோற்றுப்போன விதியின்மேல் குறுக்கே ஒரு கோடு இருக்கும். உங்கள் வரி அடிக்கப்பட்டிருந்தால், அதற்கு மேலே அடிபடாமல் நிற்கும் வரி யாருடையது என்று பாருங்கள். அதில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்து உங்கள் விதியின் முன்னால் போட்டால் பெரும்பாலும் வேலை முடியும். உங்கள் வரி அந்தப் பலகையிலேயே இல்லை என்றால் அது பக்கத்துக்கு வந்து சேரவே இல்லை, அல்லது எழுத்துப்பிழை. இந்த ஒரு பலகையைப் படிக்கத் தெரிந்தவர் எந்த மென்பொருளிலும் பிழைத்துக்கொள்வார்.

இம்பார்ட்டன்ட் என்ற குறியைப் போட்டு எல்லோரையும் அமுக்கிவிடலாம் என்று சிலர் சொல்லித்தருவார்கள். ஒன்றிரண்டு இடத்தில் தவறில்லை. பழகிவிட்டால், பிறகு உங்கள் விதியையே நீங்கள் வெல்ல முடியாது.

தமிழில் போட்டதும் அழகு போச்சு

இதற்கு வேறு மொழி வழிகாட்டிகளில் பதில் கிடைக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெமோவில் கண்ணைப் பறித்த தீம் தமிழ் எழுத்தைப் போட்டதும் ஏன் அலங்கோலமாகிறது? தீமோடு வரும் எழுத்துருவில் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும். தமிழ் எழுத்தைக் கண்டதும் பிரௌசர் அந்தக் கணினியில் உள்ள ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துப் போடும். விண்டோஸில் அது லதாவாகவோ நிர்மலாவாகவோ இருக்கலாம், ஃபோனில் நோட்டோவாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி தெரியும், ஒரே வரியில் ஆங்கிலம் மெல்லிசாகவும் தமிழ் தடிமனாகவும் நிற்கும். தீர்வு, தமிழ் உள்ள எழுத்துரு ஒன்றை நீங்களே தேர்ந்து கொடுப்பது. கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், மீரா இனிமை எல்லாம் இலவசம். பிளாக் தீம் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துருவை எடிட்டருக்குள்ளேயே சேர்க்கும் வசதி இருக்கிறது. நீளக் கட்டுரைக்குக் கேட்டமரான் எனக்குப் பிடிப்பதில்லை, தலைப்புக்கு நன்றாக இருக்கும். இது ரசனை, நீங்கள் மாறுபடலாம்.

எழுத்துரு மாற்றியும் தலைப்பு நெரிசலாக இருக்கும். ஆங்கிலத் தீம்கள் தலைப்புக்கு வரி உயரம் 1.2 என்று வைத்திருக்கும். நமக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே கு, ரு போன்றவற்றின் வாலும் உண்டு. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 என்று தொடங்கிப் பாருங்கள். எழுத்திடைவெளி ஏதாவது கொடுத்திருந்தால் பூஜ்யமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகு சேர்க்கும் இடைவெளி தமிழ்ச் சொல்லைப் பல் போன சீப்பாக்கிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக இல்லை, பிரௌசர் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளி நிறுத்துகிறது.

பொத்தான்களும் மெனுவும் அடுத்து. 'கான்டாக்ட்' என்பதற்கு அளவெடுத்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' நுழையாது, ஃபோனில் பாதி வெளியே தொங்கும். சிஎஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டுவதைவிட 'தொடர்பு' என்று மாற்றுவது சுலபம்.

முகவரி விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழில் தலைப்பு எழுதினால் வேர்ட்பிரஸ் அதையே பக்கத்தின் முகவரி வாலாகவும் வைக்கும். அதை ஸ்லக் என்பார்கள். உள்ளே அது தமிழாகப் பதிவாவதில்லை. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக எழுதப்படும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். தரவுத்தளத்தில் ஸ்லக்குக்கு ஒதுக்கிய இடம் மொத்தம் 200. மெய்க்குப் புள்ளி தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறி. 'கோயம்புத்தூர்' என்ற ஒரே சொல் 13 குறி, 117 இடம் தின்றுவிடும். நீளத் தலைப்பு வைத்தால் பாதியில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது அந்த இணைப்பு பல நேரம் சதவீதக் குறிகளும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும், பார்ப்பவர் வைரஸ் என்று நினைப்பார். வெளியிடுவதற்கு முன்பே ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகத் திருத்திவிடுங்கள். வெளியிட்டபின் மாற்றினால், பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானே வழிகாட்டும். பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது, பழைய இணைப்பு செத்துவிடும்.

பழைய சரக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாமினி, டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துமுறையில் தட்டிய கட்டுரையை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். வேர்ட்பிரஸ் கெட்டுப்போகவில்லை. அந்தக் கோப்பில் உண்மையிலேயே இருந்தது அந்தக் குப்பைதான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கிக்கொண்டு ஒட்டுங்கள், ஒட்டியபின் ஒருமுறை படித்துத் திருத்துங்கள். மாற்றிகளை முழுக்க நம்ப முடியாது.

வெள்ளைத் திரை

ஒரு பிளகினை ஏற்றினீர்கள், தளம் போய்விட்டது. அட்மின் பக்கமும் திறக்கவில்லை. வெறும் வெள்ளை, அல்லது 'தீவிரமான பிழை' என்று ஒரு வரி. வயிற்றைக் கலக்கும்தான், ஆனால் எழுதியது எதுவும் அழியவில்லை. பதிவுகள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கின்றன, அதை எடுத்துக்காட்டும் நிரல்தான் நடுவழியில் நின்றுவிட்டது.

2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இப்படி நேர்ந்தால் வேர்ட்பிரஸ் அட்மின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்பும். அதில் நுழைந்து குற்றவாளிப் பிளகினை முடக்கிவிடலாம். மின்னஞ்சல் வரவில்லையா? ஹோஸ்டிங் பேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் பிளகின்ஸ் என்ற கோப்புறையின் பெயரை வேறு ஏதாவதாக மாற்றுங்கள். வேர்ட்பிரஸுக்கு ஒரு பிளகினும் கண்ணில் படாது, உயிர் வந்துவிடும். உள்ளே நுழைந்து பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கோப்புறைக்குப் பழைய பெயரையே வையுங்கள். இப்போது எல்லாம் முடங்கியிருக்கும். ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதை இயக்கியதும் விழுகிறதோ அதுதான் ஆள்.

செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் வேர்ட்பிரஸ் முகவரி, தள முகவரி என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். காரணமில்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அட்மினுக்குள் நுழைய முடியாமல் போய்விடும், பிறகு டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் கைவைத்துத்தான் மீட்க வேண்டும்.

சத்தமில்லாமல் நடக்கும் கோளாறு ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொடர்புப் படிவத்தில் 'நன்றி, அனுப்பப்பட்டது' என்று வரும், உங்களுக்கு அஞ்சல் வராது. வேர்ட்பிரஸ் இயல்பாக சர்வரிலிருந்து நேரடியாக அஞ்சலைத் தள்ளிவிடும். அது உங்கள் பெயரில் வேறு யாரோ அனுப்பியதுபோல் பெறுபவரின் சேவைக்குத் தெரியும். 2024 பிப்ரவரி முதல், அனுப்புநர் யார் என்பதற்கு டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு இருக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. எஸ்எம்டிபி பிளகின் ஒன்றைப் போட்டு உங்கள் உண்மையான அஞ்சல் கணக்கின் வழியாக அனுப்பச் செய்யுங்கள். தளத்தை ஊருக்குச் சொல்வதற்கு முன் படிவத்தை நீங்களே நிரப்பிச் சோதியுங்கள். ஒரு வாடிக்கையாளர் எழுதினார் என்பதே தெரியாமல் மாதங்கள் ஓடுவது, வெள்ளைத் திரையைவிடப் பெரிய நஷ்டம்.

கையாலேயே எச்டிஎம்எல் எழுதுபவர்களுக்கு இவற்றில் பாதி தொல்லை இல்லை, அவர்களுக்கு வேறு தொல்லை. என் கணினியில் தெரிகிற படம் நெட்டில் தெரியவில்லை என்பார்கள். படத்தின் முகவரியைப் பாருங்கள். அது சி டிரைவில் தொடங்கினால், உங்கள் கணினியைத் தவிர உலகில் யாருக்கும் அந்தப் படம் கிடைக்காது. இல்லையென்றால் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் லினக்ஸ், அங்கே அவை இரண்டு வேறு கோப்புகள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளியில்லாமல் வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது.

உதவி கேட்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதை ஒரு கோப்பில் தேதியோடு குறிப்பது. சலிப்பான பழக்கம்தான். ஆனால் நேற்று ராத்திரி வரை ஓடிய தளம் காலையில் ஏன் படுத்தது என்பதற்கு அந்தக் கோப்பு ஒன்றுதான் சாட்சி. நான்கு பிளகினை ஏற்றி, தீமை மாற்றி, பிஎச்பி பதிப்பையும் உயர்த்திவிட்டு 'எதுவும் பண்ணலை சார், தானா போயிடுச்சு' என்று சொல்பவருக்கு யாராலும் உதவ முடியாது.

ஹோஸ்டிங் உதவிப்பிரிவுக்கு 'சைட் வரவில்லை, அவசரம்' என்று எழுதினால், கேஷை அழித்துப் பாருங்கள் என்ற தயார்ப் பதில்தான் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்று காலை 10 மணியிலிருந்து முகப்புப் பக்கம் 500 பிழை காட்டுகிறது. அட்மின் பக்கமும் திறக்கவில்லை. இன்காக்னிட்டோவிலும் மொபைல் டேட்டாவிலும் பார்த்தேன், அதே நிலை. கடைசியாகச் செய்தது நேற்று இரவு பிஎச்பி பதிப்பை மாற்றியது. பிளகின்ஸ் கோப்புறைக்குப் பெயர் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எரர் லாகில் உள்ள கடைசி வரிகளை இணைத்திருக்கிறேன்." இந்தக் கடிதத்தைப் படிப்பவர் தயார்ப் பதிலை ஒட்டிவிட்டுப் போக முடியாது. இதை எழுத உட்காரும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால் ஆளை வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. தையல் தெரிந்தவர்களும் டெய்லரிடம் போகிறார்கள். அடுக்குகள் தெரிந்துவிட்டதால் இப்போது உங்களை யாரும் ஏய்க்க முடியாது. ஆனால் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் கறாராக இருங்கள். டொமைன் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் ஃபோன் எண்ணில் இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். டிஎன்எஸ்ஸில் மாற்றம் வேண்டுமென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்கள். வேர்ட்பிரஸில் உங்கள் கணக்கைப் பகிராமல் அவருக்குத் தனி அட்மின் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் முழு பேக்கப் எடுத்து உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அவர் கணக்கை நீக்கும்போது, அவர் பெயரில் உள்ள பதிவுகளை என்ன செய்வது என்று வேர்ட்பிரஸ் கேட்கும். முதலில் இருப்பது எல்லாவற்றையும் அழிப்பது. அதை விட்டுவிட்டு, இரண்டாவதைத் தேர்ந்து உங்கள் பெயரைக் கொடுங்கள்.